அவர்கள் ஏங்குவது அந்தக் காருக்காகத்தான்

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, விடாத மழையிலும் வந்து இந்த டப்ளின் அரங்கை நிறைத்திருக்கும் தமிழ்ச் சொந்தங்களே, எல்லோருக்கும் வணக்கம்.

நமக்குக் கொடுத்திருக்கும் தலைப்பு இது: ‘அயர்லாந்து மக்கள் தங்கள் பழைய கார்களை நினைத்து ஏங்குவது காருக்காகவா, போன காலத்துக்காகவா?’ காருக்காகத்தான் என்று பேச வந்திருக்கிறேன்.

எனக்கு முன்னால் பேசிய எதிரணித் தலைவர் அருமையாகப் பேசினார். எழுபது வயதுக்காரர் ஒருவர் மோரிஸ் மைனர் என்ற பழைய காரைப் பார்த்துக் கண் கலங்கினால், அவர் கலங்குவது தன் இளமைக்காக என்றார். முன்னால் அப்பா அம்மா, பின்னால் ஒருவர் மடியில் ஒருவராகப் பிள்ளைகள், ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போய்வந்த அந்தக் குடும்பத்துக்காகத்தான் கண்ணீர் என்றார். காருக்குப் பதில் ஒரு மாட்டுவண்டி நின்றிருந்தாலும் இதே கண்ணீர்தான் வந்திருக்கும் என்று முடித்தார். நீங்கள் கைதட்டினீர்கள், நானும் தட்டினேன். ஆனால் எந்த வண்டியாக இருந்தாலும் ஒன்றுதான் என்ற அந்த இடத்தை மட்டும் என்னால் ஒப்புக்கொள்ள முடியாது. ஏன் முடியாது என்று சொல்கிறேன்.

அயர்லாந்தின் தெற்கே இருக்கும் கார்க் நகரத்திலிருந்து தொடங்குகிறேன். ஃபோர்டு கார் கம்பெனியை நிறுவிய ஹென்றி ஃபோர்டின் தகப்பனார் வில்லியம், கார்க் மாவட்டத்தில் பாலினாஸ்கார்த்தி என்ற சின்ன ஊர்க்காரர். அயர்லாந்தை வாட்டிய உருளைக்கிழங்குப் பெரும் பஞ்சத்தின் நடுவே, 1847இல், கப்பலேறி அமெரிக்கா போனவர். அவருடைய மகன் 1917இல் அதே கார்க்கில், லீ ஆற்றங்கரையில் மரீனா என்ற இடத்தில் ஆலை தொடங்கினார். முதலில் டிராக்டர், அப்புறம் கார். 1930களில் ஐரிஷ் அரசு ஒரு வேலை செய்தது. முழுக் காராக இறக்குமதி செய்தால் கடுமையான வரி. பாகங்களாகக் கொண்டுவந்து உள்ளூரில் பூட்டினால் சலுகை. அதற்குப் பிறகு சுமார் ஐம்பது ஆண்டுகள், இந்த நாட்டின் சாதாரணக் குடும்பம் வாங்கிய கார்களில் பெரும்பாலானவை இந்த நாட்டுத் தொழிலாளர்கள் பூட்டியவை. பிரிஃபெக்ட், ஆங்கிலியா, எஸ்கார்ட், கோர்ட்டினா எல்லாம் மரீனாவிலிருந்து வெளியே வந்தவைதான். டயர் பக்கத்திலேயே இருந்த டன்லப் ஆலையில் தயாரானது. பாகங்கள் வந்திறங்கிய மரப்பெட்டிகளைக்கூட அந்த ஊர் விட்டுவைக்கவில்லை. அந்தப் பலகைகளை வாங்கிப் போய்க் கடலோரத்தில் கோடைக் குடில்கள் கட்டிக்கொண்டார்கள். லண்டனை ஒட்டி டேகனமில் ஃபோர்டு பெரிய ஆலை திறந்தபோது கார்க்கிலிருந்து திரளாக அங்கே வேலைக்குப் போனார்கள். விடுமுறைக்கு ஊர் வரும்போது அவர்களை ‘டேகனம் யாங்க்’, அதாவது டேகனம் அமெரிக்கர், என்று அழைத்தார்கள். ஒரு ஊரின் சம்பளம், கல்யாணம், குடில், பட்டப்பெயர் எல்லாமே ஒரு காரைச் சுற்றி இருந்திருக்கிறது. இதில் எங்கே ஐயா மாட்டுவண்டியைக் கொண்டுபோய் வைப்பது?

டப்ளினுக்கு வருவோம். நாம் கூடியிருக்கும் இந்த ஊரிலேயே, ஷெல்போர்ன் சாலையில், 1950இல் ஃபோக்ஸ்வேகன் பீட்டில் பூட்டத் தொடங்கினார்கள். ஜெர்மனிக்கு வெளியே பீட்டில் பூட்டப்பட்ட முதல் இடம் அது. அப்புறம் நாஸ் சாலைக்கு மாறி, 1977 வரைக்கும் வேலை நடந்தது. வெக்ஸ்ஃபோர்டில் ரெனோ 4 பூட்டினார்கள். டன்டாக்கில், முன்பக்கமே கதவாகத் திறக்கும் ஹைன்கெல் என்ற குட்டிக் காரைப் பூட்டினார்கள். தெருவில் போகும் காரைக் காட்டி, இது என் மாமா வேலை செய்கிற இடத்தில் வந்தது என்று ஒரு சிறுவனால் சொல்ல முடிந்த காலம். இன்று நம் வீட்டு வாசலில் நிற்கும் காரைப் பூட்டியவர்களில் ஒருவரையாவது நமக்குத் தெரியுமா?

சரி, அந்தக் கார்களின் உடம்பைப் பார்ப்போம். காருக்காக ஏங்குகிறார்கள் என்றால் காரில் அப்படி என்ன இருந்தது என்று நடுவர் கேட்பார். பீட்டிலில் ரேடியேட்டர் கிடையாது. பின்னால் இருக்கும் எஞ்சினைக் காற்றே குளிரவைக்கும். ஆரம்பத்தில் வந்தவற்றில் பெட்ரோல் முள் கூடக் கிடையாது. எஞ்சின் திணறினால் காலால் ஒரு குமிழைத் திருப்பி, கைவசம் ஒதுக்கிவைத்த கொஞ்சம் பெட்ரோலைத் திறந்துவிட வேண்டும். பின்னால் வந்த மாடல்களில் கண்ணாடியைக் கழுவும் தண்ணீரைப் பீய்ச்சி அடித்தது எது தெரியுமா? ஸ்டெப்னி டயரில் இருந்த காற்று! ரெனோ 4இல் கியர் கம்பி டேஷ்போர்டிலிருந்து நேராக நீட்டிக்கொண்டிருக்கும். அந்தக் காரின் இடது பக்கத்தில் சக்கரத்துக்குச் சக்கரம் உள்ள தூரம் வேறு, வலது பக்கத்தில் வேறு. கிட்டத்தட்ட ஐந்து சென்டிமீட்டர் வித்தியாசம். பின்சக்கரங்களைத் தாங்கும் முறுக்குக் கம்பிகள் இரண்டையும் குறுக்கே, ஒன்றின் பின் ஒன்றாகப் படுக்கவைத்ததால் வந்த வித்தியாசம் அது. யாரும் அதை மறைக்கவில்லை. குனிந்து பார்த்தால் தெரியும். மோரிஸ் மைனரில் திரும்பும்போது கதவோரத் தூணிலிருந்து ஒரு சின்னக் கை வெளியே நீளும். 1961 வரைக்கும் அந்தக் காருக்கு அதுதான் இண்டிகேட்டர்.

இதெல்லாம் பார்த்தால் புரிகிற எந்திரம். கெட்டுப்போனால் எங்கே கெட்டது என்று சொல்லும் எந்திரம். அரங்கில் யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர்கள் இருக்கிறீர்கள். 1990களில் போர்க்காலத் தடை காரணமாகப் பெட்ரோல் வராமல் போனபோது, கார்பரேட்டரில் நாலு சொட்டுப் பெட்ரோல் விட்டுக் கிளப்பி, அப்புறம் மண்ணெண்ணெயில் பழைய கார்களை ஓட்டிய ஊர் உங்கள் ஊர். இங்கே டப்ளினில் பூட்டிய அதே மோரிஸ் மைனர் அங்கேயும் ஓடியது. அதைச் செய்யவிட்டது அந்தக் காரின் எளிமை. இன்றைய காரிடம் அந்த வேலை நடக்குமா?

நான் குடியிருப்பது கார்க்கில். பக்கத்து வீட்டுப் பெரியவர் மரீனா ஆலையில் வேலை பார்த்தவர். 1984 ஜூலை 13ஆம் தேதி ஆலை மூடியபோது வேலை இழந்த சுமார் 800 பேரில் ஒருவர். அவர் கொட்டகையில் ஒரு நாலாம் மாடல் கோர்ட்டினா நிற்கிறது. ஒருநாள் காலை அது கிளம்பவில்லை. நான் வேலியோரம் நின்று பார்த்தேன். பானட்டைத் தூக்கிக் கம்பியை முட்டுக்கொடுத்தார். எஞ்சினுக்கும் பக்கத் தகட்டுக்கும் நடுவே முழங்கை வரை கையை விடலாம், அவ்வளவு இடம். பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பகிர்ந்து கொடுக்கும் டிஸ்ட்ரிபியூட்டர் மூடியின் இரண்டு கிளிப்பையும் கட்டைவிரலால் தள்ளிக் கழற்றினார். உள்ளே ஈரம் பூத்திருந்தது. பாக்கெட்டிலிருந்து ஒரு பழைய துணியை எடுத்து நான்கு முனைகளையும் ஒவ்வொன்றாகத் துடைத்தார். பாயிண்டை உப்புத்தாளில் இரண்டு இழுப்பு இழுத்து, மெல்லிய தகடு ஒன்றைச் செருகி இடைவெளி பார்த்தார். மூடியைப் போட்டுச் சோக்கை இழுத்துச் சாவியைத் திருப்பினார். இரண்டாவது திருப்பலில் எஞ்சின் பிடித்துக்கொண்டது. இந்த ஊர் ஈரத்துக்கு, அந்தக் காலத்தில் பிளக்கைக் கழற்றி அடுப்பில் சூடுகாட்டி மாட்டிய வீடுகளே உண்டு என்றார்.

நடுவர் அவர்களே, இதை முக்கியமாகக் கவனிக்க வேண்டும். அதே மனிதரிடம் நான் அந்தக் காலத்தைப் பற்றியும் கேட்டிருக்கிறேன். ஆலையின் இரைச்சலைப் பற்றிச் சொன்னார். டன்லப் 1983இல் மூடி, அடுத்த ஆண்டே ஃபோர்டும் மூடி, ஊரே வேலையில்லாமல் நின்றதைச் சொன்னார். பிள்ளைகள் ஒவ்வொருவராக இங்கிலாந்துக்குப் போனதைச் சொன்னார். அப்போது அவர் முகத்தில் துளி ஏக்கம் இல்லை, கசப்புதான் இருந்தது. பானட்டைத் தூக்கியபோதுதான் அந்த முகம் மாறியது. காலத்தையும் காரையும் தனித்தனியாக எடை போட்டுப் பார்த்த மனிதர் அவர். காலம் வேண்டாம், கார் வேண்டும் என்பது அவருடைய தீர்ப்பு. எதிரணி இதற்குப் பதில் சொல்ல வேண்டும்.

எதிரணிச் சகோதரி கனமான ஒரு கணக்கை வைத்தார். 1972இல் இந்த நாட்டுச் சாலைகளில் 640 பேர் இறந்தார்கள், அந்தக் கார்களையா போற்றுகிறீர்கள் என்று கேட்டார். கணக்கு உண்மை. இந்த நாட்டில் அதைவிட மோசமான ஆண்டு கிடையாது. இன்று மக்களும் கூடி, கார்களும் பெருகியிருக்கும்போது, ஆண்டுச் சாவு அதில் மூன்றில் ஒரு பங்கைக்கூடத் தொடுவதில்லை. முன்சீட்டில் பெல்ட் கட்ட வேண்டும் என்ற சட்டமே 1979இல்தான் வந்தது. ஓட்டுநர் தேர்வு 1964இல்தான் வந்தது. அதுவும், 1979இல் தேர்வுக்குக் காத்திருப்போர் வரிசை நீண்டுகொண்டே போனதால், தற்காலிக உரிமத்தைப் புதுப்பித்து ஓட்டிக்கொண்டிருந்த ஆயிரக்கணக்கானோருக்குத் தேர்வே இல்லாமல் அரசு முழு உரிமம் கொடுத்துவிட்டது. ஆக, அந்தச் சாவுகளில் காருக்கும் பங்கு உண்டு, அந்தக் காலத்தின் அசட்டைக்கும் பங்கு உண்டு. இறந்தவர்களின் வீட்டாருக்கு முன்னால் நின்று நான் ஒரு வார்த்தை குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் சகோதரி, நீங்கள் சொன்னது உங்கள் அணிக்கு உதவுகிறதா? பெல்ட் இல்லாத, தேர்வு இல்லாத காலம் திரும்ப வேண்டும் என்று இந்த நாட்டில் யார் கேட்கிறார்கள்? பழைய காரை வைத்திருப்பவர்கள் பெல்ட் மாட்டி, பிரேக்கைப் புதுப்பித்துத்தான் வெளியே எடுக்கிறார்கள்.

துருவைப் பற்றியும் சொன்னீர்கள். உப்புக் காற்றும் ஓயாத மழையும் தின்ற கார்கள்தான். கால் வைக்கும் தகடு ஓட்டையாகிச் சாலை தெரிந்த கதைகளை நானும் கேட்டிருக்கிறேன். துருவிடம் தப்பியவற்றை அரசின் திட்டங்கள் வாரிக்கொண்டு போயின. 1995இல் பத்து வயதான காரை உடைக்கக் கொடுத்துவிட்டுப் புதிது வாங்கினால் ஆயிரம் பவுண்டு தள்ளுபடி. 2000இல் கட்டாய வாகனச் சோதனை வந்தது. இத்தனைக்கும் பிறகு மிஞ்சியதை மக்கள் தேடித் தேடி எடுக்கிறார்கள். மாட்டுக் கொட்டகையில் வைக்கோலுக்கு அடியில் கிடந்த பீட்டிலை இழுத்துவந்து, குளிர்காலம் பூராவும் தகடு வெட்டி வெல்டிங் வைக்கிறார்கள். முப்பது வயதைத் தாண்டிய காருக்குச் சாலை வரி ஆண்டுக்கு 56 யூரோ போதும் என்று அரசே இறங்கிவந்திருக்கிறது. இளமை மட்டும் வேண்டுமென்றால் ஆல்பத்தைப் புரட்டினால் போதுமே. ஆயிரக்கணக்கில் செலவு செய்து, கை கிழிய வேலை பார்த்து, எதற்காக அந்தத் தகட்டையே திரும்பக் கொண்டுவர வேண்டும்?

நம்பர் பிளேட்டைப் பற்றி ஒரு வார்த்தை. 1987க்கு முன்னால் எண்பலகை எந்த மாவட்டத்துக் கார் என்று மட்டும் சொல்லும். ஐ.என். என்றால் கெர்ரி, ஐ.இசட். என்றால் மேயோ. அந்த ஆண்டு முதல் வருடத்தையும் பலகையிலேயே பொறித்தார்கள். அன்றிலிருந்து வாசலில் நிற்கும் காரின் வயது தெருவுக்கே தெரிந்தது. ஜனவரி பிறந்தால் புதுக் கார் எடுக்கும் அவசரமும் வந்தது. அதற்கு முந்தைய காரை யாரும் வயதைப் பார்த்து மதிக்கவில்லை. ஓடுகிறதா, ஓடவில்லையா என்று பார்த்தார்கள்.

கடைசியாக, எதிரணி பதில் சொல்லவே முடியாத சாட்சியைக் கூப்பிடுகிறேன். இந்தச் சாதாரணக் கார்கள் சாதாரணமானவை என்றுதானே நினைக்கிறோம்? பெல்ஃபாஸ்ட்காரர் பேடி ஹாப்கர்க் 1964இல் மான்டி கார்லோ ராலி என்ற கார்ப் பந்தயத்தை வென்றது ஒரு மினி காரில். டப்ளின் பெண் ரோஸ்மேரி ஸ்மித் 1965இல் டூலிப் ராலியில் ஆண்களையெல்லாம் முந்தி முதலிடம் பிடித்தது ஒரு ஹில்மன் இம்ப்பில். கார்க் மாவட்டம் மில்ஸ்ட்ரீட்டைச் சேர்ந்த பில்லி கோல்மன் 1974இல் பிரிட்டிஷ் ராலி சாம்பியன் ஆனது ஒரு ஃபோர்டு எஸ்கார்ட்டில். பக்கத்து வீட்டு வாசலில் நிற்கிற கார் உலகத்தை ஜெயித்துவிட்டு வந்தது.

அந்த எஸ்கார்ட்டின் இரண்டாம் மாடல் 1980இல் நின்றுபோனது. ஆனால் ஒவ்வொரு ஜூன் மாதமும் டோனகால் ராலிக்குப் போய்ப் பாருங்கள். மலைச்சாலையின் வளைவுகளில், வேலிக்குப் பின்னால் வயல் கொள்ளாத கூட்டம். புதுக் கார்கள் வேகமாகப் போகும், கைதட்டுவார்கள். பின்சக்கரம் இழுக்கும் அந்தப் பழைய எஸ்கார்ட் பக்கவாட்டில் சறுக்கிக்கொண்டு வளைவில் வரும்போது எழும் கூச்சலே வேறு. கூச்சல் போடுவது யார்? பெரும்பாலும் இருபது, இருபத்திரண்டு வயதுப் பையன்களும் பெண்களும். அந்தக் கார் ஆலையை விட்டு வந்த காலத்தில் அவர்கள் அப்பாவுக்கே மீசை முளைத்திருக்காது. அவர்களுக்கு இழந்த இளமை இல்லை, பின்சீட்டு நினைவு இல்லை, திரும்பக் கேட்க ஒரு பழைய காலமே இல்லை. எதிரே நிற்கும் கார் மட்டும்தான் இருக்கிறது.

எதிரணித் தலைவரை வரும் ஜூனில் டோனகாலுக்கு அழைக்கிறேன், போக்குவரத்து என் பொறுப்பு. அந்த வளைவில் நிற்கும் பிள்ளைகளில் ஒருவரிடம், தம்பி, நீ எந்தக் காலத்துக்காக ஏங்குகிறாய் என்று அவரே கேட்கட்டும். அந்தப் பதில் வருவதற்கு முன்பே நல்ல தீர்ப்பைத் தரும் தெளிவு நம் நடுவருக்கு உண்டு என்ற நம்பிக்கையோடு விடைபெறுகிறேன். நன்றி, வணக்கம்.