கேரவனில் பாரம் அமரும் இடம்

நேயர்களுக்கு என் அன்பான வணக்கம்.

பள்ளி விடுமுறையில் ஆஸ்திரேலியாவுக்கோ நியூசிலாந்துக்கோ சென்று, காருக்குப் பின்னால், இழுத்துச் செல்லும் வீடு போன்ற ஒரு கேரவனை மாட்டிக்கொண்டு குடும்பத்தோடு ஊர் ஊராகப் போக வேண்டும் என்ற ஆசை நம் சிங்கப்பூர்த் தமிழர் பலருக்கு உண்டு. பெர்த்தில் குடியிருக்கும் என் அக்காவும் அத்தானும் நானும் சேர்ந்து அண்மையில் அப்படியொரு கேரவனை வாங்கினோம். அதை இழுக்கப் பழகியபோதும் அதற்குள் சாமான்களை அமைத்தபோதும் எனக்கு உறுதியாகத் தெரிந்தது இதுதான்: கேரவன் சாலையில் எப்படிப் போகும் என்பது, கிளம்புமுன் அதற்குள் எதை எங்கே வைத்தோம் என்பதிலேயே பெரும்பாலும் முடிவாகிவிடுகிறது.

ஊரில் மாட்டு வண்டி ஓட்டிய நம் பெரியவர்களுக்கு இது புதிய செய்தியாக இருக்காது. வண்டியில் பின்பாரம் ஏறினால் நுகத்தடி மாட்டின் கழுத்தை விட்டு மேலெழும்; முன்பாரம் மிஞ்சினால் மாட்டின் கழுத்து நசுங்கும். கேரவனிலும் அதே கணக்குத்தான். காரின் பின்புறத்தில் கேரவனை மாட்டும் உலோக உருண்டையான இழுவைப் பந்தின்மேல் கேரவனின் மூக்கு அழுத்தும் எடை, சாமான் ஏற்றிய கேரவனின் மொத்த எடையில் ஏறத்தாழ 10 விழுக்காடாக இருக்க வேண்டும் என்பது ஆஸ்திரேலியாவில் பரவலாகச் சொல்லப்படும் அளவு. அதாவது 2,000 கிலோ கேரவனுக்கு 200 கிலோ. அது மிகவும் குறைந்தால், வேகம் கூடும்போது அல்லது பெரிய லாரி ஒன்று பக்கத்தில் கடந்து போகும்போது, கேரவனின் வால் இடமும் வலமுமாக ஆடத் தொடங்கும். அளவுக்கு மேல் கூடினால் காரின் பின்பகுதி தாழ்ந்து, முன்சக்கரங்களின் பிடிமானம் தளரும். அந்த 200 கிலோவும் கார் சுமக்கும் பாரமே என்பதால், காருக்குள் ஏறும் ஆட்கள், பெட்டிகளின் எடையோடு அதையும் கூட்டிப் பார்க்க வேண்டும்.

எங்கள் கேரவனின் முன்பக்கத்தில் ஓர் உலோகத் தகடு பதிக்கப்பட்டிருக்கிறது. வெறும் வண்டியின் எடையும், சாமான்களோடு எட்டக்கூடிய உச்ச எடையும் அதில் பொறிக்கப்பட்டுள்ளன. இரண்டுக்கும் இடையிலுள்ள வித்தியாசமே நாம் ஏற்றக்கூடிய பாரம். வித்தியாசம் 400 கிலோ என்றால் நிறைய இருப்பதாகத்தான் தோன்றும். ஆனால் 95 லிட்டர் நீர்த்தொட்டியை நிரப்பினாலே 95 கிலோ போய்விடும். எரிவாயு உருளைகள், கூடுதல் பேட்டரி, வெயில் மறைப்பு, நாற்காலிகள், அக்கா விட்டுக்கொடுக்க மறுக்கும் இட்லிப் பானை, கிரைண்டர் என்று கூட்டிக்கொண்டே போனால் மீதி அதிகம் இருக்காது. ஆகவே புதிதாக எதைப் பொருத்துவதற்கு முன்பும் எடைமேடைக்குக் கொண்டுபோய் நிறுத்துவது நல்லது. வாங்கியபோது சொல்லப்பட்ட எடையை மட்டும் நம்பக் கூடாது என்பது என் கருத்து.

கனமான பொருள்கள் சக்கர அச்சுக்கு அருகில், தரையோடு ஒட்டினாற்போல் இருக்க வேண்டும். மேலலமாரிகளில் துணிமணிகளும் ரொட்டியும் போதும். பின்பக்கத்தில் சைக்கிள் தாங்கியும் கருவிப் பெட்டியும் மாட்டுவது பார்க்க வசதியாகத் தெரிந்தாலும், வால் ஆட்டத்துக்கு அதைவிடப் பெரிய துணை இல்லை. முன்பக்கத்தில் அதற்கீடான எடையை வைத்துச் சரிக்கட்டிவிடலாம் என்று நினைப்பதும் தவறு. இரு முனைகளிலும் பாரம் இருந்தால், ஆட்டம் ஒருமுறை தொடங்கிய பிறகு அடங்குவது கடினம். அப்படி ஆடத் தொடங்கினால் காரின் பிரேக்கை ஓங்கி மிதிக்கக் கூடாது, ஸ்டீயரிங்கையும் வெட்டித் திருப்பக் கூடாது. ஆக்சிலரேட்டரிலிருந்து மெல்லக் காலை எடுத்து, டாஷ்போர்டில் உள்ள கேரவன் பிரேக் கருவியைக் கையால் இயக்கி, கேரவனின் பிரேக்கை மட்டும் இதமாகப் பிடிக்க வேண்டும். 2,000 கிலோவைத் தாண்டும் கேரவனுக்கு எல்லாச் சக்கரங்களிலும் பிரேக் இருக்க வேண்டும், காரிலிருந்து கழன்றால் தானாகவே பிரேக் பிடிக்க வேண்டும் என்று ஆஸ்திரேலிய விதிகள் சொல்கின்றன.

மின்சாரத்தைப் பற்றியும் ஒரு சொல். அங்குள்ள கேரவன் பூங்காக்களில் 15 ஆம்பியர் இணைப்புதான் வழக்கம். அந்தப் பிளக்கின் எர்த் முனை அகலமானது என்பதால் வீட்டிலுள்ள 10 ஆம்பியர் சாக்கெட்டில் நுழையாது. அதை அரத்தால் ராவிச் செருகுவோரும் உண்டு. தீயை வலிய வரவழைக்கும் அந்த வேலையைத் தயவுசெய்து யாரும் செய்யாதீர்கள்.

பின்னால் நகர்த்துவதை ஆளில்லாத ஒரு கார் நிறுத்துமிடத்தில் அத்தான் எனக்குச் சொல்லிக்கொடுத்தார். "ஸ்டீயரிங்கோட அடிப்பக்கத்தைப் பிடிங்க மாப்பிள்ளை. கேரவனோட பின்பக்கம் எந்தப் பக்கம் போகணுமோ, அந்தப் பக்கமே கையை நகர்த்துங்க" என்றார். மேற்பகுதியைப் பிடித்தால் எல்லாம் தலைகீழாகத் தோன்றும். அடிப்பகுதியைப் பிடித்தால் கைபோன பக்கமே வண்டியும் போகும். திருப்பம் சிறிதாக, வேகம் நடைவேகத்தைவிடக் குறைவாக இருக்க வேண்டும். கேரவன் மடங்கி காரின் மூலையை நெருங்கினால், முன்னே சென்று நேராக்கிக்கொண்டு மறுபடி தொடங்க வேண்டும். வெளியே நின்று வழிகாட்டுபவர் ஓட்டுநரின் கண்ணாடியில் எப்போதும் தெரிய வேண்டும். அவர் மறைந்துவிட்டால் அந்தக் கணமே வண்டியை நிறுத்திவிட வேண்டும்.

சக்கரங்களைக் கழற்றி மாட்டியிருந்தால், முதல் 50 முதல் 100 கிலோமீட்டருக்குள் ஓரமாக நிறுத்தி, சக்கர நட்டுகளை உரிய முறுக்கு அளவுக்கு மறுபடி இறுக்குங்கள். அங்கே நிற்கும்போதே இணைப்புச் சங்கிலியையும் விளக்குகளையும் ஒருமுறை பார்த்துவிடலாம்.

நன்றி, வணக்கம்.