பத்து நிமிடத்தில் செய்தி வரும், ஓடும் வழி எது?

நேயர்களுக்கு வணக்கம்.

ஆரோக்கியபுரம் முதல் நீரோடி வரை உள்ள நம் குமரிக் கடற்கரையில் 2004 டிசம்பர் 26 சுனாமியைப் பற்றிப் பெரியவர்கள் யாருக்கும் நான் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. கிறிஸ்துமஸுக்கு மறுநாள், ஞாயிற்றுக்கிழமை. மணக்குடி, கொட்டில்பாடு, குளச்சல், அழிக்கால், பிள்ளைத்தோப்பு என்று ஊர் ஊராகக் கடல் ஏறியது. மாவட்டத்தில் 800 பேருக்கு மேல் பறிகொடுத்தோம். ஆனால் அன்று பிறந்திராத பிள்ளைகள் இன்று வள்ளத்தில் தொழிலுக்குப் போகிறார்கள். இன்றைய பேச்சு முக்கியமாக அவர்களுக்கு.

அன்று காலை ஆறரை மணி வாக்கில் சுமத்ரா தீவுக்கு மேற்கே கடலுக்கு அடியில் தரை உடைந்தது. நிலநடுக்கத்தின் அளவு 9-க்கும் மேல். ஆழ்கடலில் சுனாமி அலை மணிக்கு 700, 800 கிலோமீட்டர் வேகத்தில் போகும். அப்படி இருந்தும் அது நம் கரைக்கு வந்து சேர மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆனது. குளச்சல் மேற்குக் கடலைப் பார்த்த ஊர், நடுவில் இலங்கை வேறு இருக்கிறது, இங்கே எப்படி வந்தது என்று பலர் கேட்டிருக்கிறார்கள். ஓடையில் கிடக்கும் கல்லைச் சுற்றித் தண்ணீர் வளைந்து போவது போல, அலை இலங்கையைச் சுற்றி வளைந்து வந்தது. அந்த மூன்று மணி நேரத்தில் பூசைக்குப் போனவர்கள் போனார்கள், வலை சரிசெய்தவர்கள் செய்தார்கள், பிள்ளைகள் மணலில் விளையாடினார்கள். சொல்ல ஒருவரும் இல்லை. இன்றுவரை எனக்கு ஆறாத விஷயம் இதுதான்.

இப்போது சொல்ல ஆள் இருக்கிறது. ஹைதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் என்ற தேசியக் கடல் தகவல் மையத்தில், 2007 அக்டோபரிலிருந்து சுனாமி எச்சரிக்கை மையம் இரவு பகலாக இயங்குகிறது. இந்தியப் பெருங்கடலில் பெரிய நிலநடுக்கம் வந்தால் பத்து நிமிட அளவில் முதல் அறிக்கை வந்துவிடும். பிறகு ஆழ்கடலில் மிதக்கும் கருவிகளும் கரையில் உள்ள அலைமானிகளும் தண்ணீர் உண்மையிலேயே உயர்ந்ததா என்று காட்டும். அதை வைத்து அடுத்தடுத்த அறிக்கைகள் வரும். அறிக்கை மூன்று நிலைகளில் இருக்கும். உச்ச நிலை என்றால் கரையோர மக்கள் உடனே உள்ளே போக வேண்டும். அடுத்த நிலையில் கடற்கரையையும் தாழ்வான இடங்களையும் விட்டு விலக வேண்டும். கடைசி நிலையில் பதற்றம் வேண்டாம், அடுத்த செய்தியைக் கவனித்தால் போதும்.

2012 ஏப்ரல் 11 பலருக்கு நினைவிருக்கும். சுமத்ரா பக்கம் 8.6 அளவில் நிலநடுக்கம், எச்சரிக்கை வந்தது, பயந்து ஓடினோம், பெரிய அலை வரவில்லை. தரை மேலும் கீழுமாகத் தூக்கப்படாமல் பக்கவாட்டில் நழுவியதால் அன்று தப்பித்தோம். அப்படி நழுவியது என்று முதல் சில நிமிடங்களில் யாருக்கும் தெரியாது. "அன்றைக்கும் இப்படித்தான் சும்மா ஓடவிட்டார்கள்" என்று யாராவது சொன்னால் தயவுசெய்து தடுத்துப் பேசுங்கள். ஓடிவிட்டுத் திரும்பி வருவதில் அரை நாள் வேலை கெடும், அவ்வளவுதான்.

சரி, ஹைதராபாத்திலிருந்து செய்தி வந்துவிட்டது. உங்கள் வீட்டிலிருந்து எந்தப் பக்கம் ஓடுவீர்கள்?

இதை நான் சும்மா கேட்கவில்லை. குளச்சல், கொட்டில்பாடு பக்கம் ஊருக்குப் பின்னால் பழைய ஏ.வி.எம். (அனந்த விக்டோரியா மார்த்தாண்டம்) கால்வாய் கிடக்கிறது. 2004-இல் கடலுக்கு முதுகைக் காட்டி ஓடியவர்கள் பலர் அந்தக் கால்வாயில்தான் மாட்டினார்கள். முன்னால் சேறும் தண்ணீரும், பின்னால் அலை. கடலை விட்டு விலகி ஓடுங்கள் என்று பொதுவாகச் சொல்லிவிட்டால் வேலை முடிந்துவிடாது. கால்வாயைத் தாண்டும் பாலம் எங்கே, அந்தச் சந்து ராத்திரியில் பைக்குகள் நிறுத்தி அடைபட்டுக் கிடக்குமா, பாட்டியை யார் தூக்குவது என்று ஊருக்கு ஊர் பேசித் தீர்க்க வேண்டும். முட்டம் மாதிரி மேடான ஊருக்கு ஒரு வழி, மணக்குடி மாதிரி காயலோரத்துக்கு வேறு வழி. மணக்குடியில் பழையாற்றுப் பாலத்தையே அன்று அலை பெயர்த்து எறிந்தது. ஆறு கடலில் சேரும் பொழிமுகம் வழியாகக் கடல் ஆற்றுக்குள் நெடுந்தூரம் ஏறும். அதனால் ஆற்றங்கரையை ஒட்டி ஓடவே கூடாது. மேட்டுக்குப் போக நேரமில்லை என்றால், உறுதியான கான்கிரீட் கட்டடத்தின் இரண்டாவது மாடியோ அதற்கு மேலோ ஏறுங்கள்.

நம் ஊர்க் கத்தோலிக்கப் பங்குகளில் அன்பியங்கள் என்ற சிறு குழுக்கள் இருக்கின்றன. முப்பது, நாற்பது வீடுகள் ஒருவரையொருவர் நன்றாக அறிந்த கூட்டம். நடக்க முடியாதவர், கர்ப்பிணி, தனியாக இருக்கும் முதியவர் யார் என்று அன்பியத்துக்குத் தெரிந்த அளவுக்கு எந்த அலுவலகத்துக்கும் தெரியாது. ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் எல்லோரும் சேர்ந்து அந்த வழியை நடந்து பாருங்கள். தேங்காய்ப்பட்டணம், குளச்சல் பக்கம் ஜமாத்தார் இதே வேலையைச் செய்யலாம். கோயில் மணியும் பள்ளிவாசல் ஒலிபெருக்கியும் கரண்ட் போனாலும் ஒலிக்குமா என்றும் பார்த்து வையுங்கள்.

செய்தி வராமலேயே கடல் திடீரென்று உள்வாங்கிப் பாறைகள் தெரிந்தால், வேடிக்கை பார்க்கவோ மீன் பொறுக்கவோ இறங்காதீர்கள். கடல் உள்வாங்காமல் நேரே ஏறி வருவதும் உண்டு. முதல் அலைதான் பெரியது என்றும் இல்லை. வீட்டில் இருக்கும் நகையை எடுக்க இரண்டு அலைகளுக்கு நடுவே திரும்பிப் போனவர்கள் கதை உலகம் முழுக்க இருக்கிறது. ஆபத்து நீங்கியது என்று அறிவிப்பு வரும்வரை மேட்டிலேயே இருங்கள்.

கள்ளக்கடல் வேறு விஷயம். எங்கோ தெற்கே அடித்த காற்றில் கிளம்பி, இங்கே காற்றே இல்லாத நாளில் வரும் பேரலை அது. 2024 மே மாதம் நம் மாவட்டத்து லெமூர் கடற்கரையில் ஐந்து பயிற்சி மருத்துவர்கள் அதில் இறந்தார்கள். இதற்கும் இன்காய்ஸ் முன்கூட்டியே எச்சரிக்கை தருகிறது. சுற்றுலா வரும் உறவினர்களிடம் அதைச் சொல்வது நம் கடமை.

கடைசியாக, கடலில் இருப்பவர்களுக்கு. சுனாமி செய்தி வந்தால் கரைக்கோ துறைமுகத்துக்கோ ஓடி வராதீர்கள். ஆழத்தில் அந்த அலை படகுக்கு அடியில் தெரியாமலே கடந்து போகும். கரையை நெருங்கும்போதுதான் அது எழும்பும். படகை ஆழத்துக்குத் திருப்பி, வயர்லெஸ்ஸில் மற்ற படகுகளுக்கும் சொல்லுங்கள். கரையில் இருக்கும் குடும்பத்தார் சந்தேகம் கேட்க மாவட்டக் கட்டுப்பாட்டு அறையை 1077 எண்ணிலும், மாநில அறையை 1070 எண்ணிலும் அழைக்கலாம். இரண்டு எண்களையும் இப்போதே போனில் பதிந்துகொள்ளுங்கள்.

நன்றி, வணக்கம்.