மூணு டிகிரி கம்மி: கொதிக்கும் நீர் அணியின் பட்டிமன்ற உரை

நடுவர் ஐயாவுக்கும், பெங்களூர் அல்சூர்ல கூடியிருக்கிற தமிழ்ச் சொந்தங்களுக்கும் பொங்கல் வணக்கம். எட்டு நிமிஷம்தான்னு கறாரா சொல்லிட்டாங்க, அதனால வணக்கத்தை இதோட முடிச்சுக்கிறேன்.

"வீட்டுக்குப் பெரிதும் உழைப்பது உறையும் நீரா, கொதிக்கும் நீரா?" இதுதான் தலைப்பு. நான் கொதிக்கிற கட்சி. எனக்கு முன்னாடி பேசின எதிரணி அம்மா ஃப்ரிட்ஜைப் பத்தி அழகா நாலு பாயிண்ட் சொன்னாங்க. அதெல்லாம் எனக்கு மறந்துபோச்சு. அஞ்சாவதா ஒண்ணு சொன்னாங்க பாருங்க: "பெங்களூர்ல தண்ணி நூறு டிகிரிக்கே போகாது, 97லயே கொதிச்சிடும். அரைகுறையா கொதிக்கிற தண்ணிக்கு வக்காலத்து வாங்க ஒரு அரைவேக்காட்டு அணி!" மண்டபமே கைதட்டிச்சு. நானும் தட்டினேன். நல்லா இருந்தா தட்டணும்ல?

ஆனா அம்மா, பாதி விஷயத்தைச் சொல்லிட்டு உக்காந்துட்டீங்களே. 97ங்கிறது நிஜம்தான். இந்த ஊர் கடல் மட்டத்துக்கு மேல சுமார் 920 மீட்டர் உயரம். உயரம் கூடினா நம்மை அமுக்குற காத்து குறையும். தண்ணிக்குள்ள முளைக்கிற நீராவிக் குமிழி அந்தக் காத்தோட அழுத்தத்துக்கு ஈடு குடுத்து நின்னாத்தான் கொதிப்பு. சென்னையில அதுக்கு 100 டிகிரி வேணும். இங்க அமுக்குறவன் கொஞ்சம் இளகின மனசுக்காரன், 97லயே விட்டுடுறான்.

இந்த மூணு டிகிரியை வெச்சு ஒரு வீட்டுக் கதை உண்டு. கதைதான், எந்த வீடுன்னு தேடாதீங்க. திருவல்லிக்கேணியில இருந்து ஜெயநகருக்கு மகன் வீட்டுக்கு வந்த ஒரு மாமி. குக்கரே ஆகாது அவங்களுக்கு. "விசில்ல பாதி வாசனை வெளியில போயிடும்"பாங்க. வெண்கலப் பானையில துவரம்பருப்பைப் போட்டு அடுப்புல ஏத்தினாங்க. ஊர்ல முக்கால் மணியில மசியிற பருப்பு. இங்க ஒரு மணி நேரம் ஆச்சு, கரண்டியால நசுக்கினா நழுவி ஓடுது.

மாமி விசாரணையை ஆரம்பிச்சாங்க. முதல் குற்றவாளி சிலிண்டர்: "கேஸ்ல பவர் இல்ல." ரெண்டாவது, மளிகைக் கடைக்காரர்: "பழைய பருப்பைத் தலையில கட்டிட்டான்." மூணாவது யாருன்னு நான் சொல்லணுமா? (பெண்கள் பக்கம்தான் சிரிப்பு அதிகமா கேக்குது.) ஆமா, மருமகதான்: "நீ ஊற வெச்ச லட்சணம்!" நாலாவது குற்றவாளி கர்நாடக மாநிலமே. கடைசியில அடுப்பைத் திருகி முழுசா எரிய விட்டாங்க. பானை தளதளன்னு குதிக்குது. பருப்பு? அசையல.

ஏன் அசையலன்னா, கொதிக்க ஆரம்பிச்ச தண்ணி அதுக்கு மேல சூடாகாது. நீங்க கூடுதலா குடுக்குற நெருப்பெல்லாம் தண்ணியை ஆவியாக்கத்தான் போகும். 97னா 97தான். சில்க் போர்டு சிக்னல்ல நின்னுக்கிட்டு ஆக்ஸிலேட்டரை மிதிக்கிற மாதிரி: பெட்ரோல் போகும், வண்டி நகராது. சமையல்ல மிச்சம் பிடிக்க நினைக்கிறவங்க இதை மட்டும் கேட்டுட்டுப் போனாப் போதும். கொதி வந்ததும் தீயைக் குறைங்க, லேசா கொதிச்சாலும் அதே சூடுதான்.

பின்வரிசையில கேக்கலையாம், திரும்பச் சொல்றேன். சிலிண்டர், கடைக்காரர், மருமக, கர்நாடகா... நாலு பேருமே நிரபராதி! உண்மையான குற்றவாளிங்க மூணு பேர். ஒருத்தர் இந்த மூணு டிகிரி. இன்னொருத்தர், அன்னைக்குக் காவேரித் தண்ணி வராததால பானையில ஊத்தின போர்வெல் தண்ணி. அதுல இருக்கிற கால்சியம் பருப்போட செல்சுவரை இறுக்கிப் பிடிச்சுக்கும், லேசுல குழைய விடாது. மூணாவது ஆளு, நேரம் மிச்சமாகட்டும்னு மாமியே முன்கூட்டி ஊத்தின புளிக்கரைசல். புளிப்பு விழுந்த பருப்பு அப்புறம் மசிய அடம் பிடிக்கும். பருப்பு வெந்த பிறகுதான் புளி. இதை மருமக முதல் நாளே சொன்னா. யாரு கேட்டா?

கடைசியில மகன் குக்கரை எடுத்து வெச்சான். இங்கதான் அம்மா, உங்க மூணு டிகிரி மண்ணைக் கவ்வுது. குக்கர் மூடி மேல இருக்கிற வெயிட், வெளிக்காத்து அழுத்தத்துக்கு மேல சதுர சென்டிமீட்டருக்கு சுமார் ஒரு கிலோ அழுத்தத்தைச் சேர்த்துக் குடுக்கும். கடலோர ஊர்ல உள்ளே 120 டிகிரி. பெங்களூர்ல சுமார் 118. வெளியில மூணு டிகிரி வித்தியாசம், குக்கருக்குள்ள ரெண்டே ரெண்டு! சென்னைக்காரங்களுக்குக் குக்கரால 20 டிகிரி லாபம், நமக்கு 21. அரைவேக்காடு யாரு இப்போ?

அதுக்காக குக்கர்ல எதையும் எப்படியும் போடலாம்னு இல்ல. மூடினதும் வெயிட்டைப் போடாதீங்க. குழாய் வழியா ஆவி சீராச் சீறி வரட்டும். உள்ளே காத்து தங்கிட்டா அழுத்தம் இருக்கும், சூடு இருக்காது. பருப்பும் தண்ணியும் சேர்ந்து பாதிக் குக்கரைத் தாண்டக் கூடாது, ஒரு ஸ்பூன் எண்ணெய் விட்டா நுரை அடங்கும். அந்த நுரை போய் ஆவிக்குழாயை அடைச்சா விசில் வராது. அப்போ வழி தேடுற ஆவிக்கு மூடியில இருக்கிற சேஃப்டி வால்வுதான் மிச்சம். அதனால மூடுறதுக்கு முன்னாடி குழாயை வெளிச்சத்துல பிடிச்சுப் பாருங்க. விசில் எண்ணிச் சமைக்கிறவங்களுக்கு ஒரு வார்த்தை: தீயைக் கூட்டினா விசில் சீக்கிரம் சீக்கிரமா வரும், பருப்பு சீக்கிரம் வேகாது. முதல் விசிலுக்கு அப்புறம் சிம்ல வெச்சுக் கடிகாரத்தைப் பாருங்க. அழுத்தம் இறங்காமத் திறந்தா என்ன ஆகும்? உள்ளே 118ல இருக்கிற தண்ணிக்கு வெளியே 97தான் கணக்கு. மிச்ச சூடு ஒரே நொடியில ஒரு பங்கை ஆவியாக்கிடும். ஒரு லிட்டர் தண்ணி முழுசா ஆவியானா சுமார் 1,700 லிட்டர் இடம் கேக்கும். சாம்பார் கூரையில இருக்கும்.

எதிரணிக்கு நியாயம் செய்யணுமே, ஃப்ரிட்ஜுக்கும் வர்றேன். ஐஸ் எப்படி வருது? ஃப்ரீஸருக்குப் பின்னாடி குழாயில ஓடுற குளிர்பொருள் ஆவியாகுறப்போ சூட்டை உறிஞ்சிக்கும், அதனால. ஆவியாதல் இல்லேன்னா உங்க அணிக்கு ஒரு துண்டு ஐஸ் கிடையாது! "அது தண்ணி ஆவி இல்லையே"ன்னு தலையாட்டுறாங்க. சரி, வாபஸ். ஆனா பழைய மாடல் ஃப்ரீஸர்ல வெள்ளையாப் படியிற பனி? கதவைத் திறக்கிறப்போ உள்ளே போற காத்துல இருக்கிற நீராவிதான் அது, தண்ணியா மாறாமலே நேராப் பனியாப் படியுது. உறைஞ்ச நீர் செய்யிற உழைப்பையும் பார்த்துட்டோம்: உறையுறப்போ சுமார் ஒன்பது சதவீதம் பெருத்து, கழுத்து வரை நிரப்பி வெச்ச கண்ணாடி பாட்டிலை உடைக்கும். உழைப்புதான், இல்லேன்னு சொல்லல.

இட்லியைச் சொல்லாம இறங்கினா என்னை வீட்டுல சேர்க்க மாட்டாங்க. ஒரு கிராம் ஐஸ் உருகுறப்போ எடுத்துக்கிறது 80 கலோரி சூடு. ஒரு கிராம் நீராவி தண்ணியா மாறுறப்போ விட்டுட்டுப் போறது சுமார் 540. குளிர்ந்த மாவு மேல ஆவி பட்டதும் தண்ணியாகி, அந்த 540ஐயும் மாவுலயே இறக்கி வெச்சிடும். அதனாலதான் பத்துப் பன்னிரண்டு நிமிஷத்துல வேலை முடியுது. அரிசி மாவு வேக 97 தாராளம். தண்ணி கொதிச்ச பிறகு தட்டை வைங்க. அடித்தட்டுக்கு ஒரு விரக்கடை கீழேயே தண்ணி நிக்கட்டும், இல்லேன்னா கொதிக்கிற தண்ணி துள்ளி அடி இட்லியைக் கூழாக்கிடும். மூடி குவிஞ்சு இருந்தா சொட்டு ஓரமா வழியும், தட்டையா இருந்தா நடு இட்லி தலையில விழும். குக்கர்ல இட்லி வெச்சா வெயிட் போடவே கூடாது.

அந்த 540 மாவைத்தான் தொடும்னு இல்ல. மூடியை அவசரமாத் திறந்த கையையும் தொடும். கொதிதண்ணியை விட ஆவி பொசுக்குறது அதனாலதான். உங்க அம்மா மணிக்கட்டுக்கு மேல ஒரு வெளிறின தழும்பு இருக்கா, பாருங்க. "இது எப்போம்மா?"ன்னு கேட்டா அவங்களுக்கே நினைவு இருக்காது. பள்ளிக்கூட வேன் வர்ற நேரத்துல உங்களுக்காகத் திறந்த மூடி அது.

இந்தக் கூட்டத்துல மடிவாளா, பி.டி.எம். பக்கம் பி.ஜி. விடுதியில இருந்து வந்த பிள்ளைங்க நிறைய. எட்டு மணிக்கு அவிச்ச இட்லியைப் பத்தரைக்குத் தட்டுல போட்டுக்கிட்டு, வீடியோ கால்ல அம்மாகிட்ட பேசுற பிள்ளைங்க. சேலத்துல இருந்தோ வேலூர்ல இருந்தோ அந்த அம்மா கேக்குற முதல் கேள்வி என்ன? "சூடா சாப்பிட்டியா?" உலகத்துல எந்த அம்மாவாவது "ஜில்லுனு சாப்பிட்டியாப்பா"ன்னு கேட்டதுண்டா? இவனும் தட்டைக் கேமராவுக்குக் காட்டாம, "சூடா இருக்கும்மா"ன்னு பொய் சொல்லுவான். அவங்களும் நம்புன மாதிரி இருப்பாங்க.

ஐயா, தீர்ப்புச் சீட்டுல 540 பெருசா 80 பெருசான்னு நீங்க பார்க்க வேண்டாம். அந்த அம்மாவுக்கு ஓட்டுப் போடுங்க. ரெண்டாவது மணியும் அடிச்சுட்டாங்க. நன்றி, வணக்கம்.