ஆழம் பார்த்துச் சொல்லும் ஆள்

அவைத் தலைவர் ஐயா அவர்களே, விற்பனைக் கூடத்தின் கண்காணிப்பாளர் அவர்களே, வேளாண் அலுவலர் அம்மா அவர்களே, விடியற்காலையிலேயே வந்து இந்தப் பந்தலைப் போட்ட தம்பிகளே, குத்தாலத்திலிருந்தும் குடவாசலிலிருந்தும் பருத்தி எடுக்கிற வேலையை ஒருநாள் நிறுத்திவிட்டு வந்திருக்கும் தாய்மார்களே, எல்லோருக்கும் வணக்கம். முதல் சால்வையை எனக்குப் போடாமல், நம் குழுவுக்கு முதன்முதலில் பங்குத்தொகை கட்டிய பெரியவருக்குப் போட்டார் தலைவர். அந்தப் பண்புக்கு என் வணக்கத்தை இன்னொரு முறை சொல்லிக்கொள்கிறேன்.

மூன்று செய்தி சொல்ல வந்திருக்கிறேன். பின்னால் கொடுக்கப்போகும் சரக்குக்கு இன்றே விலை பேசும் முன்பேர வர்த்தகத்தில் மார்க்கெட் மேக்கர் என்பவர் யார், அவரால் விலை எப்படி வெளிப்படுகிறது, கிடங்கில் போட்ட விளைச்சலுக்குத் தரும் கிடங்கு ரசீதை வைத்து நாம் எப்படிக் கடன் வாங்கலாம். கொள்ளிடக் கரையில் பிறந்த எனக்கு அம்மா சொல்லித் தந்த முதல் பாடம், ஆழம் தெரியாமல் காலை விடாதே. சந்தைக்கும் அதுதான் பாடம்.

மேட்டூர் அணை ஜூன் 12இல் திறக்காத ஒரு வருஷம். எனக்குப் பத்து வயது இருக்கும். உழவு மாட்டை விற்க அப்பா சந்தைக்குக் கிளம்பினார், நானும் கூடப் போனேன். அங்கே தரகர்கள் துண்டுக்குள் கையை விட்டு, விரலைப் பிடித்து விலை பேசுவார்கள். பக்கத்தில் நிற்பவனுக்குக்கூட விலை தெரியாது. ஒரே ஒரு வியாபாரி மட்டும் புளியமரத்தடியில் பத்து ஜோடி மாட்டைக் கட்டிவைத்துக்கொண்டு, வாயைத் திறந்து விலை சொல்வார். அப்பா அவரிடம் போய், விற்க வந்ததைச் சொல்லாமல், “இந்த மாதிரி ஜோடி என்ன விலை அண்ணே?” என்றார். “நீ வாங்குறதுன்னா மூவாயிரத்து இருநூறு, குடுக்குறதுன்னா மூவாயிரம்” என்றார் அவர். அப்பா கொடுத்துவிட்டார்.

அப்பாவுக்குப் பின்னால் நாலு பேர் மாட்டோடு வந்தார்கள், எல்லோரும் விற்கத்தான் வந்தார்கள். அணையில் தண்ணீர் இல்லை என்று அந்த வியாபாரிக்கு யாரும் சொல்லவில்லை. வந்த மாடுகளே சொல்லிவிட்டன. மதியத்துக்குள் அவர் விலை இரண்டாயிரத்து எண்ணூறு, இரண்டாயிரத்து ஐந்நூறு என்று இறங்கியது. இருநூறாக இருந்த இடைவெளியும் முந்நூறானது. துண்டுக்குள் பேசியவர்களும் அந்த விலையைக் கேட்டுக்கொண்டு வந்துதான் விரலைப் பிடித்தார்கள்.

அடுத்த வாரம் அவர் வரவில்லை. அன்றைக்குச் சித்தப்பா தன் ஜோடியை ஆயிரத்து எண்ணூறுக்கு விற்றார். அதே மாதிரி ஜோடி சந்தையின் மறுகோடியில் இரண்டாயிரத்து அறுநூறுக்குப் போனதை வீட்டுக்கு வந்தபின்தான் கேள்விப்பட்டார். ஆழம் தெரியாமல் காலை விட்டவர் என் சித்தப்பா. அந்த எண்ணூறு ரூபாயைச் சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார்.

புளியமரத்தடியில் நின்றவர்தான் மார்க்கெட் மேக்கர். முன்பேரச் சந்தையில் அவர் வாங்கும் விலை ஒன்றும் விற்கும் விலை ஒன்றும் எந்நேரமும் போட்டுவைத்திருப்பார். நடுவில் உள்ள இடைவெளிதான் அவர் கூலி. தன்னைவிட விவரம் தெரிந்தவன் வந்து வாங்கினால் அவருக்கு நஷ்டம். அதனால் வாங்குவோர் கூடினால் இரண்டு விலையையும் ஏற்றுவார், விற்போர் கூடினால் இறக்குவார், குழப்பம் என்றால் இடைவெளியை அகட்டுவார். மகாராஷ்டிரத்தில் பருத்தி விளையும் விதர்பாவில் மழை தவறியதும், மில்லில் நூல் தேங்கியதும் இப்படித்தான் விலைக்குள் வந்து சேர்கின்றன. இடைவெளி குறுகலாக இருந்தால் சின்னச் செய்தி வைத்திருப்பவனும் துணிந்து இறங்குவான். ஆள் இல்லாத சந்தையில் ஒரே ஒரு பெரிய ஆர்டர் விலையைப் பொய்யாகத் தூக்கிவிடும்.

முன்பேரச் சந்தை வெறும் சூதாட்டம் என்று சொல்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். 1730இல் ஜப்பானின் ஒசாகாவில், தோஜிமா என்ற இடத்தில் அரசு ஏற்றுக்கொண்ட முன்பேரச் சந்தை அரிசிக்காகத்தான் நடந்தது. நம் நாட்டிலோ 2021 டிசம்பரில் நெல், கோதுமை, கொண்டைக்கடலை உட்பட ஏழு பொருள்களின் முன்பேர வர்த்தகத்தை, சந்தைகளைக் கண்காணிக்கும் அமைப்பான செபி நிறுத்தியது. நெல்லைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் பொழுது போய்விடும். அந்த ஏழில் பருத்தி இல்லை. ஆகவே பருத்திக்கு வருகிறேன்.

நம் கூடங்களில் மறைமுக ஏலம். வியாபாரி சீட்டில் எழுதிப் போடுகிறார். போன வருஷம் ஒரு கூடத்தில் என் பருத்திக்கு இரண்டே சீட்டுதான் விழுந்தது. விலை சரியா தவறா என்று கேட்க எனக்கு அளவுகோல் இல்லை. துண்டு போய்ச் சீட்டு வந்திருக்கிறது, அவ்வளவுதான். மும்பையில் எம்.சி.எக்ஸ். என்ற முன்பேரச் சந்தையில் பஞ்சுக்குக் கண்டிக் கணக்கில் விலை ஓடுகிறது. ஒரு கண்டி ஏறக்குறைய 356 கிலோ. நம் பருத்தியில் மூன்றில் ஒரு பங்குதான் பஞ்சு, ஆகவே கண்டிக்குப் பத்து குவிண்டாலுக்குச் சற்றுக் கூடுதலாகப் பருத்தி வேண்டும். பஞ்சையும் கொட்டையையும் பிரிக்கும் அரைவைக் கூலியைக் கழித்து, கொட்டை விலையைக் கூட்டினால் நம் விலை எங்கே நிற்க வேண்டும் என்று பள்ளிக்கூடப் பிள்ளைகூடப் போட்டுவிடும்.

நான் கேட்பது ஒரு பலகை. திருவாரூர், கும்பகோணம், குத்தாலம், எந்தக் கூடமானாலும் வாசலில் ஒரு பலகை. அதில் அன்றைய பஞ்சு விலை இரண்டும், வாங்குவதும் விற்பதும், ஏலத்துக்கு ஒரு மணி நேரம் முன்பே எழுதப்பட வேண்டும். இடைவெளி அகலமாக இருந்தால் அன்றைக்கு அவசரப்படாமல் பருத்தியைத் திருப்பி எடுத்துப் போகலாம். ஆழம் தெரியாமல் காலை விடாதே என்று சொன்னால் போதாது, ஆழம் பார்க்கக் கழியும் கொடுக்க வேண்டும். கண்காணிப்பாளர் அவர்களை முன்னால் வைத்துக்கொண்டே கேட்கிறேன்.

கிடங்கு ரசீதைப் பேச நேரம் இல்லை என்று தலைவர் கடிகாரத்தைக் காட்டுகிறார். பலகைக்கான மனு அந்தத் தூணோரம் மேசையில் இருக்கிறது. சாப்பாட்டுக்குப் போகுமுன் ஒவ்வொருவரும் கையெழுத்துப் போடுங்கள். எழுதத் தெரியாத தாய்மார்களுக்கு மை வைத்திருக்கிறோம். நன்றி, வணக்கம்.