பேர் போடாத குருவிகள்

(நுவரெலியாவில் பூங்காப் பறவைக் கணக்கெடுப்புக்கு முன்பு நடந்த தொண்டர் கூட்டத்தில் பேசியது)

மதிப்புக்குரிய தலைவர் அவர்களே, இந்தக் குளிரிலும் வந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் மாநகர சபைப் பெரியவர்களே, அதிபர் அம்மா அவர்களே, வாடகை வாங்காமல் மண்டபத்தைத் திறந்துவிட்ட கோயில் பரிபாலன சபையாரே, அப்புறம், மேடையில் பெயர் சொல்லவில்லை என்று நாளைக்குக் கோபித்துக்கொள்ளப்போகும் என் பழைய மாணவர்களே, எல்லோருக்கும் வணக்கம். தலைவர் என்னைப் பறவையியலாளர் என்று அறிமுகம் செய்தார். ஐயா, நான் ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். எனக்கு எண்ணத் தெரியும், அவ்வளவுதான்.

மூன்று விஷயம் சொல்லப்போகிறேன். ஏன் எண்ண வேண்டும், எப்படி எண்ண வேண்டும், எண்ணி முடித்த தாள் எங்கே போகிறது.

ஏன் எண்ண வேண்டும்? ஆற்றில் போட்டாலும் அளந்து போடு. இதோ, என்னிடம் படித்தவர்கள் சிரிக்கிறார்கள். இருபது வருடம் இதைத்தானே கேட்டீர்கள், இன்னொரு தடவையும் கேளுங்கள்.

நம்முடைய விக்டோரியா பூங்கா 1897இல் மகாராணியின் வைர விழாவுக்காகப் பெயர் பெற்றது. நாம் அங்கே சோற்றுப் பொட்டலம் பிரிக்கப் போகிறோம். வெளிநாட்டுக்காரர் தொலைநோக்கியை மாட்டிக்கொண்டு நேரே ஓடைப் பக்கம் போகிறார். அங்கே காஷ்மீர் ஈப்பிடிப்பான் இருக்கிறது. சிட்டுக்குருவியைவிடச் சின்னது. ஆணுக்குத் தொண்டையும் நெஞ்சும் செங்கல் நிறம், அதன் ஓரத்தில் மையால் இழுத்தது போல ஒரு கறுப்புக் கோடு. வடமேற்கு இமயத்தில் குஞ்சு பொரித்துவிட்டு, குளிர்காலத்துக்கு முக்கியமாக நம் மலைநாட்டைத் தேடித்தான் வருகிறது. அழியக்கூடியவை பட்டியலில் அதன் பெயர் ஏறியிருக்கிறது. இமயத்தில் காடு குறைந்தாலும் அதற்குக் கேடு, இங்கே ஓடையோரப் புதரை வெட்டினாலும் கேடு. இந்த வருடம் எத்தனை வந்தது என்று நாம் எழுதி வைக்காவிட்டால் அடுத்த வருடம் குறைந்ததா கூடியதா என்று யார் சொல்வது?

எண்ணுகிற பழக்கம் புதிதில்லை. 1900ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் நாளில், அமெரிக்காவில் பறவை சுடும் போட்டிக்குப் பதிலாக எண்ணிப் பார்ப்போமே என்று பறவையியலாளர் ஃபிராங்க் சாப்மன் அழைத்தார். 27 பேர் எண்ணினார்கள். நம் நாட்டில் இலங்கைப் பறவைக் கழகம் 1943இலேயே தொடங்கிவிட்டது. சரி, சரித்திரம் போதும்.

எப்படி எண்ணுவது? இதற்கு என் பெரியம்மாவின் கதையைச் சொல்ல வேண்டும். அவர் முப்பத்தைந்து வருடம் தேயிலைத் தோட்டத்தில் பிரட்டுக்குப் போய், அதாவது வேலைக்கு வந்தவர்களுக்குப் பேர் போடும் இடத்தில் நின்று, கொழுந்து எடுத்தவர். போன வருடம் கணக்கெடுப்புக்கு நான் கிளம்பும்போது, 'சும்மா இருக்கிறதுக்கு நானும் வாரேன்' என்று வெற்றிலைப் பையோடு வந்துவிட்டார். எங்கள் குழுவில் பல்கலைக்கழக வளாகத்தில் படிக்கிற ஒரு தம்பி, கையில் ஆங்கிலப் படிவம். ஒரே மரத்தில் ஒரு மஞ்சள் காதுக் கொண்டைக்குருவி உள்ளே போகிறது, வெளியே வருகிறது. தம்பி ஒவ்வொரு தடவையும் ஒரு கோடு போடுகிறார். ஒன்பது கோடு ஆனதும் பெரியம்மாவுக்குப் பொறுக்கவில்லை. 'ஏன் தம்பி, ஒரே கொழுந்தை ஒம்பது தடவை நிறுத்தா கணக்கப்பிள்ளை விடுவாரா?' தம்பி ஒன்றும் பேசாமல் எட்டுக் கோட்டை அழித்தார். அதுதான் சரியான முறை. ஒரே பறவை என்று சந்தேகம் வந்தால் ஒரே நேரத்தில் கண்ட அதிக எண்ணிக்கையைத்தான் எழுத வேண்டும்.

கதை முடியவில்லை. பொழுது சாய்கிற நேரம். புதருக்குள்ளிருந்து இரண்டு சுரத்தில் ஒரு சீழ்க்கை. தம்பி எட்டிப் பார்த்தார், குனிந்து பார்த்தார், ஒன்றும் தெரியவில்லை. 'காணலியே, எப்படி எழுதுறது?' என்றார். பெரியம்மா வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு சொன்னார்: 'ஆறுமணிக்குருவி அது. பிரட்டுக்கு வந்து சத்தம் குடுத்துட்டான்ல? அவனுக்குப் பேர் போடாம விடுவியா?' நான் கடிகாரத்தைப் பார்த்தேன். ஆறாக நாலு நிமிடம். (கைதட்டல்) கைதட்டலைப் பெரியம்மாவுக்குக் கொடுங்கள், பின்வரிசையில்தான் இருக்கிறார், எழுந்திருக்க மாட்டார். கேட்ட பறவையையும் எழுதலாம், பார்த்ததற்குச் சமமாகவே எழுதலாம். ஆனால் அந்தப் படிவத்தில் ஆறுமணிக்குருவி எங்கே இருக்கிறது என்று பெரியம்மாவால் காட்ட முடியவில்லை. அது ஆங்கிலத்தில் ஒளிந்திருந்தது.

நான் இந்த மேடைக்கு வந்ததே இதைச் சொல்லத்தான். பறவைகளின் பெயர்ப் பலகையும் படிவமும் தமிழிலும் வேண்டும். செண்பகம், கொண்டைக்குருவி, தேன்சிட்டு, மீன்கொத்தி என்று தோட்ட லயத்து வீட்டுப் பிள்ளை வாயில் இருக்கிற பெயரைப் பலகையில் எழுத என்ன செலவு? ஓர் அலுவலகத்துக்கு, எது என்று சொல்ல மாட்டேன், நாலு கடிதம் போட்டேன். மூன்றுக்குப் பதில் இல்லை. நாலாவதற்குப் பதில் வந்தது, அதுவும் ஆங்கிலத்தில். பலகை வைக்க இடமில்லையாம். ஐஸ்கிரீம் விளம்பரத்துக்கு இடம் இருக்கிறது. தமிழ்ப் பெயர் இல்லாத பறவைகளுக்கு நாமே உட்கார்ந்து பெயர் வைப்போம். ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்றவர்கள் எந்த மொழியில் அளந்தார்கள்? மாநகர சபைப் பெரியவர்கள் தலையாட்டுகிறார்கள். அதை நான் குறித்துக்கொண்டேன்.

மூன்றாவது விஷயத்துக்கு வரும்போது செயலாளர் துண்டுச் சீட்டு நீட்டுகிறார், தேநீர் ஆறுகிறதாம். தாள் போகும் இடத்தைப் பற்றி அவரே பிறகு சொல்வார்.

தமிழ்ப் படிவம் வாசல் மேசையில் இருக்கிறது. நாங்களே தட்டச்சு செய்தது, எழுத்துப்பிழை இருந்தால் திருத்திக்கொள்ளுங்கள். அறுபது பிரதிதான் அடித்தோம், வீட்டுக்கு ஒன்று எடுங்கள். குறைந்தது பதினைந்து நிமிடம் ஓரிடத்தில் நின்று எண்ணினால் போதும். பென்சில் கொண்டுவாருங்கள். நம்ம ஊர்த் தூறலில் பேனா எழுத்து கரைந்துவிடும்.