‘நான் அப்படிப்பட்ட ஆள் இல்லைங்க’

நேயர்களுக்கு வணக்கம். எய்ட்ஸ் போன்ற நோய்கள் யாருக்கு, எப்படி வருகின்றன என்பதைப் பற்றி இன்றைக்குச் சில விஷயங்களை வெளிப்படையாகவே சொல்லப் போகிறேன். சுற்றி வளைத்துச் சொன்னதால்தான் நம்மில் பலருக்கு இது இன்னும் பிடிபடவில்லை.

1986ஆம் ஆண்டு. எய்ட்ஸ் என்றால் அமெரிக்காவில் ஆண்களோடு உறவு வைத்துக்கொள்ளும் ஆண்களுக்கு வரும் நோய், நம் ஊருக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று மருத்துவர்களே நம்பிக்கொண்டிருந்த நேரம். சென்னை மருத்துவக் கல்லூரியில் பேராசிரியர் சுனிதி சாலமன், தன் மாணவி செல்லப்பன் நிர்மலாவிடம் இதைச் சோதித்துப் பார்க்கச் சொன்னார். மயிலாப்பூரில் அரசுக் காப்பகம் ஒன்றில் பாலியல் தொழிலாளர்களை அடைத்து வைத்திருந்தார்கள். நிர்மலா அங்கே போய், கையுறைகூட இல்லாமல் ரத்தம் எடுத்தார். வீட்டு ஃப்ரிட்ஜில் வைத்துப் பாதுகாத்தார். பிறகு ஐஸ் பெட்டியில் வைத்து, கணவரோடு ராத்திரி ரயிலேறி காட்பாடியில் இறங்கி, வேலூர் சி.எம்.சி. மருத்துவமனைக்குக் கொண்டுபோனார். பரிசோதனையில் ஆறு மாதிரிகள் மஞ்சளாக மாறின, அதாவது அவற்றில் கிருமி இருந்தது. எய்ட்ஸை உண்டாக்கும் எச்.ஐ.வி. கிருமி இந்தியாவில் இருக்கிறது என்று நமக்குத் தெரிய வந்தது அப்படித்தான்.

அங்கே தேடியது சரியான முடிவு, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. நிறையப் பேரோடு உறவு ஏற்படும் இடத்தில்தான் இத்தகைய கிருமி முதலில் கண்ணில் படும். ஆனால் ஊர் அதை வேறு மாதிரிப் புரிந்துகொண்டது. ‘அது அந்தப் பெண்களின் நோய்’ என்று முடிவு கட்டியது. தண்டனைக் காலம் முடிந்த பிறகும் கிருமி இருந்த பெண்களை வெளியே விடவில்லை. நீதிமன்றம் தலையிட வேண்டியிருந்தது. அவர்களிடம் வந்துபோன ஆண்களை யாரும் தேடவில்லை. அவர்கள் பாட்டுக்கு வீட்டுக்குப் போய்விட்டார்கள். பின்னாளில் சுனிதி சாலமன் தொடங்கிய ஒய்.ஆர்.ஜி. கேர் என்ற எச்.ஐ.வி. சிகிச்சை மையத்துக்கு வந்த பெண்களில் பெரும்பாலானவர்கள் கணவரைத் தவிர இன்னொருவரை அறியாத குடும்பப் பெண்கள். எந்த ஆபத்துப் பட்டியலிலும் அவர்கள் பெயர் இருந்ததில்லை.

‘புள்ளிராஜாவுக்கு எய்ட்ஸ் வருமா?’ என்று தமிழ்நாடு முழுக்க விளம்பரப் பலகைகள் நின்ற காலம் உங்களில் பலருக்கு நினைவிருக்கும். புள்ளிராஜா எந்தக் குழுவையும் சேர்ந்தவர் இல்லை. நம் தெருவில் இருக்கிற யாரோ ஒருவர். அந்த விளம்பரத்தைக் கேலி செய்தவர்கள் உண்டு. என்னைக் கேட்டால், நம் ஊரில் இந்த நோயைப் பற்றிச் செய்த வேலைகளில் மிக நல்ல வேலைகளில் அது ஒன்று.

ஆலோசனை அறையில் நான் அடிக்கடி கேட்கிற வாக்கியம், ‘நான் அப்படிப்பட்ட ஆள் இல்லைங்க’ என்பது. சொல்பவருக்குக் கல்யாணமாகி இரண்டு குழந்தைகள் இருக்கலாம். காசநோய்க்கு வந்தவரை எச்.ஐ.வி. ரத்தப் பரிசோதனைக்கு அனுப்பியிருப்பார்கள். ‘நீங்கள் ஓரினச்சேர்க்கையாளரா?’ என்று கேட்டால் ‘இல்லை’ என்பார். அது பொய்யில்லை, தன்னை அவர் அப்படி நினைத்ததே கிடையாது. அதே மனிதரிடம் கதவைச் சாத்திவிட்டு, ‘எல்லாரிடமும் இதைக் கேட்பேன், தப்பா எடுத்துக்காதீங்க. இந்த ஆறு மாதத்தில் யாரோடெல்லாம் உறவு இருந்தது? பெண்களோடா, ஆண்களோடா, திருநங்கைகளோடா? எந்த வழியில்? ஆணுறை போட்டீர்களா?’ என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். கொஞ்ச நேரம் தரையைப் பார்ப்பார். அப்புறம் சொல்வார், வேலைக்குப் போன ஊரில் உடன் தங்கியிருந்த நண்பனைப் பற்றி.

ஆணுறை இல்லாத குதவழி உறவில், ஏற்பவருக்கு எச்.ஐ.வி. தொற்றும் ஆபத்து யோனிவழி உறவைவிடப் பல மடங்கு அதிகம். அங்கே உள்தோல் மிக மெல்லியது, சீக்கிரம் கிழியும். இரண்டு ஆண்கள் என்றாலும், கணவன் மனைவி என்றாலும் உடம்பு ஒன்றுதான். பெண்ணை நேசிக்கும் பெண்ணுக்கோ இந்த ஆபத்து மிகமிகக் குறைவு. ‘ஓரினச்சேர்க்கை’ என்று ஒரே பெயரில் எல்லோரையும் அடைத்தால் இந்த வித்தியாசமெல்லாம் மறைந்துவிடும்.

சரி, அப்படியானால் எந்தக் குழுவின் பெயரையும் சொல்லவே கூடாதா? நல்லெண்ணம் கொண்ட சிலர் அப்படிச் சொல்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. 2022இல் எம்பாக்ஸ், அதாவது குரங்கம்மை, ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் பரவியபோது பாதிக்கப்பட்டவர்களில் மிகப் பெரும்பாலோர் ஆண்களோடு உறவு கொண்ட ஆண்கள். இதைச் சொன்னால் அவர்களை ஊர் தூற்றுமே என்று தயங்கி, ‘யாருக்கும் வரலாம்’ என்று மட்டும் சொல்லியிருந்தால் தடுப்பூசி போய்ச் சேர வேண்டியவர்களுக்குப் போய்ச் சேர்ந்திருக்காது. பல இடங்களில் அந்தச் சமூகத்தின் அமைப்புகளே முன்வந்து, எப்படிப் பரவுகிறது, கொஞ்ச காலத்துக்கு எதைக் குறைத்துக்கொள்ளலாம் என்று நேராகப் பேசின. ஆண்கள் பலர் புதிய துணைகளைக் குறைத்துக்கொண்டார்கள், வரிசையில் நின்று ஊசி போட்டுக்கொண்டார்கள். தொற்று இறங்கியது.

ஆனால் அதே நோயை ஆப்பிரிக்காவில், காங்கோவில் போய்ப் பாருங்கள். பல பகுதிகளில் அதிகம் பாதிக்கப்பட்டவர்கள் குழந்தைகள். 2023இல் கிழக்குக் காங்கோவின் கமிட்டுகா என்ற தங்கச் சுரங்க ஊரில் அந்தக் கிருமியின் இன்னொரு வகை பரவியது. அங்கே முதலில் சிக்கியவர்களில் பலர் பாலியல் தொழில் செய்த பெண்களும், அவர்களிடம் வந்த ஆண்களும். பிறகு வீடுகளுக்குள் போய் குழந்தைகளையும் தொற்றியது. தோலோடு தோல் நெருங்குவது எங்கே அதிகமோ அங்கே அது பரவுகிறது, அவ்வளவுதான். 2022இன் படத்தை மட்டும் மனதில் வைத்திருக்கும் மருத்துவர், கொப்புளத்தோடு வரும் ஒரு பெண்ணுக்கு அந்தப் பரிசோதனையை எழுதாமலே அனுப்பிவிடுவார்.

ரத்ததானத்திலும் இதே சிக்கல் இருக்கிறது. நம் நாட்டின் 2017ஆம் ஆண்டு வழிகாட்டுதல், திருநங்கைகளும் ஆண்களோடு உறவு கொள்ளும் ஆண்களும் ரத்தம் கொடுக்கவே கூடாது என்கிறது. பல வருடங்களாக ஒரே துணையோடு வாழ்பவருக்கும் அதே தடைதான். இதை எதிர்த்து 2021இல் உச்ச நீதிமன்றத்தில் வழக்குத் தொடரப்பட்டது. பிரிட்டன் அதே 2021இல் கேள்வியையே மாற்றிவிட்டது. ஆணோ பெண்ணோ, கொடுக்க வருகிற எல்லோரிடமும் கடந்த மூன்று மாத நடத்தையைக் கேட்கிறார்கள். அமெரிக்கா 2023இல் அந்த வழிக்கு வந்தது. எடுத்த ரத்தம் ஒவ்வொன்றும் எப்படியும் பரிசோதிக்கப்படுகிறது. புதிதாகத் தொற்றியவரிடம் மட்டும் சில நாட்களோ வாரங்களோ பரிசோதனையில் தெரியாமல் போகலாம். அந்த இடைவெளியைப் பிடிக்கத்தான் இந்தக் கேள்விகள். பல பெண்களோடு பாதுகாப்பில்லாமல் உறவு கொண்ட ஆணை ‘நீங்கள் யார்’ என்று மட்டும் கேட்டு உள்ளே விட்டால் அந்த இடைவெளியில் யார் நுழைவார் என்று யோசித்துப் பாருங்கள். நம் நாட்டிலும் அந்தக் கேள்வி மாற வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

கேட்டுக்கொண்டிருக்கும் உங்களில் யாருக்காவது மனதில் உறுத்தல் இருந்தால், அருகில் உள்ள அரசு மருத்துவமனையின் நம்பிக்கை மையத்துக்குப் போங்கள். பரிசோதனை இலவசம். நீங்கள் சம்மதிக்காமல் பரிசோதிக்கக் கூடாது, முடிவை வெளியே சொல்லவும் கூடாது. எச்.ஐ.வி. பற்றிய 2017ஆம் ஆண்டுச் சட்டம் அப்படித்தான் சொல்கிறது. நேரில் போகத் தயக்கமாக இருந்தால் 1097க்குக் கட்டணமில்லாமல் பேசலாம். போகும்போது உங்களுக்கு நீங்களே எந்தப் பெயரும் வைத்துக்கொள்ள வேண்டியதில்லை. என்ன நடந்தது, எப்போது நடந்தது, ஆணுறை இருந்ததா என்பதை மட்டும் ஒளிக்காமல் சொல்லுங்கள். உறவு நடந்து சில வாரங்கள்தான் ஆகிறது என்றால், முதல் முடிவில் கிருமி இல்லை என்று வந்தாலும் மூன்று மாதம் முடிந்ததும் இன்னொரு முறை போய்ப் பார்த்துவிடுங்கள். வணக்கம்.