முதல் பத்து நிமிடம் கை சும்மா இருக்கட்டும்

எல்லோருக்கும் வணக்கம். சுளுக்கினாலோ மூட்டு விலகினாலோ உடனே என்ன செய்வது, என்ன செய்யக் கூடாது என்று பேசப்போகிறேன்.

சில வருடங்களுக்கு முன் படிக்கட்டில் இறங்கும்போது, தரை வந்துவிட்டது என்று நினைத்துக் காலை வைத்தேன். இன்னும் ஒரு படி பாக்கி இருந்தது. பாதம் உள்பக்கமாக மடங்கியது. பக்கத்தில் இருந்தவர்கள் ஓடி வந்தார்கள். ஒருவர் என் காலை மடியில் வைத்துக்கொண்டு அழுத்தி நீவிவிட்டார். இன்னொருவர் பாதத்தைப் பிடித்து இழுத்து ஒரு திருப்பு திருப்பினார். இருவரும் அன்பால்தான் செய்தார்கள். வலி உச்சந்தலைக்கு ஏறியது. மாலைக்குள் செருப்பில் கால் நுழையவில்லை.

அந்த நீவலும் திருப்பலும் ஏன் வேண்டாம்? கணுக்கால் எலும்புகளைப் பிணைத்து வைத்திருப்பவை தசைநார்கள். பாதம் உள்ளே மடங்கும்போது வெளிப்பக்கத்து நார்கள் அளவுக்கு மீறி இழுபடுகின்றன, சில இழைகள் அறுகின்றன. கூடவே சின்னச் சின்ன ரத்தக் குழாய்களும் அறுந்து உள்ளே ரத்தம் கசிகிறது. சுளுக்கு என்பது இதுதான். 'நரம்பு பிசகிவிட்டது' என்று சொல்கிறோம். அங்கே பிசகிய நரம்பு எதுவும் இல்லை. நீவி இடத்தில் உட்காரவைக்க ஒன்றும் இல்லை. கசிகிற இடத்தைத் தேய்த்தால் கசிவுதான் கூடும். சூடும் அப்படித்தான். முதல் இரண்டு நாளைக்கு வெந்நீர் ஒத்தடம், தைலம் போட்டுத் தேய்ப்பது, மது எதுவும் வேண்டாம்.

சரி, என்னதான் செய்வது? முதலில் உட்காரவையுங்கள். வீக்கம் ஏறுவதற்குள் ஷூவைக் கழற்றுங்கள். அடி கையில் என்றால் மோதிரத்தையும் வளையலையும். அப்புறம் ஐஸைத் துணியில் சுற்றி 10 முதல் 20 நிமிடம் வையுங்கள். நேரடியாகத் தோலில் வைத்தால் தோல் புண்ணாகும். இரண்டு மூன்று மணி நேரம் கழித்து மறுபடி வைக்கலாம். ஓய்வு, ஐஸ், கட்டு, காலை உயர்த்தி வைப்பது என்ற நான்கையும் 1978-இல் சேர்த்துச் சொன்னவர் கேப் மிர்க்கின் என்ற அமெரிக்க மருத்துவர். பின்னாளில் அவரே, ஐஸும் முழு ஓய்வும் குணமாவதைத் தாமதப்படுத்தலாம் என்று தன் கருத்தை மாற்றிக்கொண்டார். அந்த நேர்மை எனக்குப் பிடிக்கும். ஆகவே ஐஸை வலிக்கு மட்டும், முதல் ஓரிரு நாள் வையுங்கள். சாதாரணச் சுளுக்கு என்றால் வாரக்கணக்கில் படுத்தே கிடக்க வேண்டாம். வலி இடம் கொடுக்கிற அளவுக்கு மெல்ல அசைக்க ஆரம்பியுங்கள்.

கட்டுப் போடுவதில் கவனம் வேண்டும். கிரேப் பேண்டேஜை விரல் பக்கத்திலிருந்து மேல்நோக்கிச் சுற்றுங்கள், விரல் நுனிகள் வெளியே தெரியட்டும். சுற்றிய பிறகு ஒரு விரல் நகத்தை அழுத்திப் பாருங்கள். வெளுக்கும். விட்டதும் இரண்டு விநாடிக்குள் சிவப்பு திரும்ப வேண்டும். திரும்பவில்லை, விரல் மரத்துப்போகிறது, ஜில்லிட்டிருக்கிறது என்றால் கட்டு இறுக்கம்; உடனே தளர்த்துங்கள்.

சுளுக்கா, எலும்பு முறிவா என்பது வெறும் கண்ணுக்குத் தெரியாது. எக்ஸ்ரே யாருக்குத் தேவை என்று முடிவுசெய்ய, 1990-களின் தொடக்கத்தில் கனடாவின் ஒட்டாவாவில் மருத்துவர்கள் சில விதிகளை வகுத்தார்கள். அதில் நமக்கு உதவுவது இது: நொண்டியாவது நாலு அடி வைக்க முடியவில்லை, அல்லது கணுவின் எலும்பையே அழுத்தும்போது வலிக்கிறது என்றால் மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். நிற்க முடியாத ஒருவரைக் கட்டாயமாக நிற்கவைத்துச் சோதிக்காதீர்கள்.

மூட்டு விலகுவது இதைவிடப் பெரிய விஷயம். அதிகம் விலகுவது தோள்பட்டைதான். தோளின் உருண்டை வடிவம் போய்த் தட்டையாகத் தெரியும். அடிபட்டவர் கையை அசைக்கவே விடமாட்டார். இங்கேதான் யாராவது ஒருவர் 'ஒரு இழு இழுத்தால் உட்கார்ந்துவிடும்' என்பார். தயவுசெய்து தடுங்கள். மூட்டை ஒட்டியே நரம்பும் ரத்தக் குழாயும் ஓடுகின்றன; உள்ளே எலும்பும் உடைந்திருக்கலாம். கை எந்த நிலையில் வலி குறைகிறதோ அப்படியே வைத்து, அடியில் தலையணையோ மடித்த துணியோ கொடுத்துத் தாங்குங்கள். சாப்பிட, குடிக்க எதுவும் தராதீர்கள். மயக்கமருந்து கொடுத்துத்தான் மூட்டைச் சேர்க்க வேண்டியிருக்கலாம். முழங்கால் விலகினால் ஒரு நிமிடமும் தாமதிக்கக் கூடாது. அதன் பின்னால் ஓடும் தமனி என்ற பெரிய ரத்தக் குழாய் கிழிந்திருந்தால் காலே போய்விடும். தானாகவே இடத்துக்குத் திரும்பிவிட்டாலும் போய்க் காட்டத்தான் வேண்டும்.

கடைசியாக, சின்னக் குழந்தை வைத்திருப்பவர்களுக்கு. ஒரு வயது முதல் நாலு வயது வரை முழங்கை மூட்டு இன்னும் உறுதிப்படாத வயது. தெருவைக் கடக்கும் அவசரத்தில் வெடுக்கென்று கையைப் பிடித்து இழுத்தாலே அங்குள்ள எலும்பு நாரிலிருந்து நழுவிவிடும். வீக்கம் இருக்காது, குழந்தை கையைத் தொங்கவிட்டபடி இருக்கும், அதை மட்டும் தொடவிடாது. மருத்துவர் பெரும்பாலும் நொடியில் சரிசெய்துவிடுவார். நீங்களே கையைத் திருப்பிச் சரிசெய்யப் பார்க்காமல் குழந்தையைத் தூக்கிக்கொண்டு போங்கள். தூக்கும்போது கையைப் பிடித்து அல்ல, இரண்டு அக்குளிலும் கைகொடுத்து.